எண்ண முடிந்த வயதும் எண்ண முடியாத வயதும்

1964 ஆகஸ்டில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள வீலர் சிகரத்தின் சரிவில், இதற்கு மேல் மரமே முளைக்காது என்னும் உயரத்தில் நின்றிருந்த ஒரு பிரிசில்கோன் பைன் மரம் இயந்திர ரம்பத்தால் அறுத்து வீழ்த்தப்பட்டது. அறுக்க ஏற்பாடு செய்தவர் டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர். மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு, அந்த மலைப்பகுதியில் பனியாறுகள் எப்போது பெருகின, எப்போது சுருங்கின என்பதைக் கணிக்க முயன்றுகொண்டிருந்தார் அவர். துளைக்கருவியால் அந்த மரத்திலிருந்து முழுமையான மாதிரியை எடுக்க இயலாமல் போகவே வனத்துறையிடம் அனுமதி கேட்டார். அனுமதியும் முறைப்படி கிடைத்தது. வெட்டிய துண்டை வைத்து எண்ணியபோது அதில் 4,844 வளையங்கள் இருந்தன. நடுப்பகுதி அழிந்துபோயிருந்ததால் விடுபட்ட வளையங்களையும் சேர்த்தால் வயது 4,900 ஆண்டுகளை ஒட்டி வரும் என்று கணிக்கப்பட்டது. அன்றைக்கு வயது தெரிந்த தனி மரங்களில் அதைவிட மூத்தது வேறொன்றும் இல்லை என்பது அதை வெட்டிய பிறகுதான் தெரிந்தது.

மலையேறுபவர்கள் அந்த மரத்துக்கு முன்னரே புரொமிதியஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய மரங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு மரத்தின் முதுமை இரண்டு இடங்களில் பதிவாகிறது: ஒன்று அதன் கட்டைக்குள், மற்றொன்று அதைச் சுற்றி வாழ்ந்தவர்களின் நினைவில். இவ்விரண்டும் ஒரே மரத்தில் முழுமையாகச் சேர்ந்து அமைவது மிக அரிது. கீசாவின் பிரமிடுகள் எழும்புவதற்கு முன்பே முளைத்த புரொமிதியஸின் கட்டைக்குள் ஆண்டுக்கணக்கு பிசகாமல் இருந்தது. ஆனால் அதன் சார்பில் ‘வேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல அந்த மலையில் யாரும் இல்லை. வேறு சில மரங்களுக்கோ ஆயிரம் ஆண்டுக் கதைகளும் காவலர்களும் உண்டு. அடிமரத்துக்குள் எண்ணிப் பார்க்க ஒரு வளையமும் மிஞ்சவில்லை. உலகெங்கும் உள்ள தொல்மரங்களைப் பற்றி நான் படித்தவற்றை இந்த இரண்டு கணக்குகளின் வழியாகவே இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பிரிசில்கோன் பைன் இவ்வளவு காலம் வாழ்வதற்குக் காரணம் அது வாழும் இடத்தின் வறுமைதான். மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம், சத்தில்லாத சுண்ணாம்புப் பாறை மண், குறைந்த மழை, சில வாரங்களே நீடிக்கும் வளர்பருவம் ஆகிய அனைத்தும் சேர்ந்து அதை மிக மெதுவாக வளரச் செய்கின்றன. மெதுவாக வளர்வதால் கட்டை நெருக்கமாகவும் பிசின் நிறைந்ததாகவும் வைரம் பாய்ந்து நிற்கிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் உள்ளே புக முடிவதில்லை. மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பதால், ஒன்றில் பற்றிய தீ மற்றொன்றுக்குத் தாவுவதும் அரிது. ஊசியிலைகள் முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட உதிராமல் இருக்கும். ஆண்டுதோறும் புதிய இலை போடும் செலவு அதற்கு இல்லை. மிக மூத்த மரங்களை அருகில் சென்று பார்த்தால், அடிமரத்தின் பெரும்பகுதி பட்டையற்று, காற்றாலும் மணலாலும் தேய்ந்து வெளுத்துக் கிடக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் கையகலப் பட்டை ஒன்று வேரிலிருந்து மேலேறி, பச்சை மாறாத ஒரு கிளைக்கு உணவு கொண்டு செல்லும். மற்ற பகுதிகளைச் சாக விட்டு, தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் உயிரை வைத்துக்கொள்ளும் இந்த முறையினால்தான் அது நாலாயிரம் ஆண்டுகளைக் கடக்கிறது.

இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் எட்மண்ட் ஷுல்மன் என்ற வளைய ஆய்வாளர். வளமான பள்ளத்தாக்குகளில் ஓங்கி நிற்கும் மரங்களில்தான் மூத்தவை இருக்கும் என்று பொதுவாக நம்பியிருந்த காலத்தில், அவர் வறண்ட மலைச்சரிவுகளின் குட்டையான, முறுக்கிய மரங்களைத் தேடிச் சென்றார். 1957-இல் கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் மெதுசலா என்று பெயரிடப்பட்ட மரத்தில் துளையிட்டு மாதிரி எடுத்தார். அவர் பயன்படுத்திய கருவி எளிமையானது: உள்ளே குழலாக அமைந்த ஒரு திருகு, அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி. மரத்தின் மையத்தை நோக்கித் திருகிக்கொண்டே போனால், பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சி குழலுக்குள் சேரும். அதை இழுத்தெடுத்து, தேய்த்து வழவழப்பாக்கி, உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் கோடு கோடாக ஆண்டுகள் தெரியும். மரம் அந்தச் சிறு துளையைப் பிசினால் அடைத்துக்கொள்ளும். மெதுசலாவின் வயது இன்று 4,800 ஆண்டுகளுக்கு மேல். அது எந்த மரம் என்பதை அமெரிக்க வனத்துறை வெளியிடுவதில்லை. அந்த வனத்தின் நடைபாதையில் செல்பவர்கள் அதைக் கடந்து போகலாம், அறிந்துகொள்ள முடியாது. இது சரியான முடிவு என்றே எண்ணுகிறேன். பெயர்பெற்ற மரத்தைத் தேடி வருபவர்கள் வேரை மிதிக்கிறார்கள், பட்டையைக் கிள்ளுகிறார்கள், ஒரு துண்டை நினைவுக்கு எடுத்துப் போகிறார்கள். உலகிலேயே மிக உயரமான மரமாகக் கருதப்படும் ஹைபீரியன் என்னும் ரெட்வுட் மரத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு 2022-இல் தடை விதிக்க நேர்ந்ததும் இதனால்தான்.

பிரிசில்கோன் மரங்கள் மனித வரலாற்றுக்குச் செய்த உதவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மலைகளில் மரம் செத்த பிறகும் கட்டை மக்காமல் பல ஆயிரம் ஆண்டுகள் கிடக்கும். வறண்ட ஆண்டில் வளையம் குறுகும், ஈரமான ஆண்டில் அகலும். இந்த ஏற்ற இறக்கத்தின் வரிசை அந்தப் பகுதி மரங்கள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும். உயிருள்ள மரத்தின் உட்பகுதி வரிசையையும், கீழே கிடக்கும் பழைய கட்டையின் வெளிப்பகுதி வரிசையையும் பொருத்திப் பொருத்திப் பின்னோக்கிச் சென்றால், எந்தத் தனி மரத்தின் வாழ்நாளையும் தாண்டிய, எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் நீளும் நாட்காட்டி ஒன்று கிடைக்கிறது. தொல்பொருள்களின் காலத்தைக் கணிக்கும் கதிரியக்கக் கரிம முறை 1940-களின் இறுதியில் உருவாகியிருந்தது. காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவு எக்காலத்திலும் ஒன்றாகவே இருந்தது என்ற எண்ணத்தின் மேல் அது நின்றது. வளையங்களால் ஆண்டு உறுதியாகத் தெரிந்த பிரிசில்கோன் கட்டைகளை அதே முறையில் சோதித்தபோது, பழைய காலத்துக்குப் போகப் போகக் கணக்கு பல நூறு ஆண்டுகள் பிந்திக் காட்டுவது வெளிப்பட்டது. கணக்கைத் திருத்தியதும் ஐரோப்பியத் தொல்லியலின் அடித்தளமே அசைந்தது. மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்கல்லறைகள் எகிப்திலிருந்தும் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்தும் பரவிய கட்டடக் கலையின் எச்சம் என்று அதுவரை கற்பிக்கப்பட்டு வந்தது; அவற்றில் பல பிரமிடுகளுக்கு முந்தியவை என்பது உறுதியானது. ஆள்நடமாட்டமே அற்ற ஒரு மலைமுகட்டின் மரங்கள், மற்றொரு கண்டத்தின் தொல்வரலாற்றைத் திருத்தி எழுத வைத்தன.

இதே வழியில் வந்த இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஜப்பானின் யாகுஷிமா தீவைச் சேர்ந்த தேவதாரு வகை மரங்களை ஆராய்ந்த ஃபூசா மியாகே, கி.பி. 774-775 ஆண்டு வளையத்தில் கதிரியக்கக் கரிமம் திடீரென்று உயர்ந்திருப்பதை 2012-இல் அறிவித்தார். அடுத்து 993-ஆம் ஆண்டை ஒட்டி இன்னொரு உயர்வும் கண்டறியப்பட்டது. விண்வெளியிலிருந்து, பெரும்பாலும் சூரியனிடமிருந்து, வந்த துகள் வெள்ளம் உலகெங்குமுள்ள மரங்களில் ஒரே ஆண்டில் விட்டுச்சென்ற முத்திரை அது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், லான்ஸ் ஓ மெடோஸ் என்னும் இடத்தில் வைக்கிங்குகளின் குடியிருப்பு 1960-இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அவர்கள் அங்கே வந்த ஆண்டு மட்டும் உறுதியாகத் தெரியவில்லை. அங்கே உலோகக் கருவியால் வெட்டப்பட்டுக் கிடந்த மூன்று மரத்துண்டுகளில் 993-இன் முத்திரையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பட்டை வரையிலான வளையங்களை எண்ணினார்கள். மூன்று வெவ்வேறு மரங்கள், மூன்றிலும் ஒரே விடை: வெட்டப்பட்ட ஆண்டு 1021. கொலம்பஸுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் அமெரிக்க மண்ணில் நின்றதற்கு இப்படி ஓர் உறுதியான ஆண்டு கிடைத்தது.

கட்டைக்குள் இத்தனை இருக்கிறது என்பது தெரிவதற்கு முன்னால், பெரிய மரங்கள் வேறு காரணங்களுக்காக வெட்டப்பட்டன. 1852-இல் கலிபோர்னியாவின் கலவராஸ் பகுதியில் அகஸ்டஸ் டவுட் என்ற வேட்டைக்காரர் கரடியைத் துரத்திச் சென்றபோது பெரும் செக்கோயா மரங்களைக் கண்டதாகச் சொல்லப்படுகிறது. மறு ஆண்டே அவற்றில் ஒன்றை வெட்டினார்கள். அதை அறுக்கப் போதுமான ரம்பம் எதுவும் அன்று இல்லை. நீண்ட துளைக்கோல்களால் சுற்றிலும் துளை துளையாக இட்டுச் சாய்த்தார்கள். ஐந்து ஆட்களுக்கு 22 நாள் வேலை. அதன் வயது 1,244 ஆண்டுகள். அடிக்கட்டையின் மேல்பரப்பைச் சமப்படுத்தி நடன மேடையாக்கினார்கள்; சாய்ந்து கிடந்த உடலின் மேல் பந்து உருட்டும் விளையாட்டுக்கு ஒரு கூடம் கட்டினார்கள். 1854-இல் அருகிலிருந்த ‘காட்டின் தாய்’ என்ற மரத்தின் பட்டையை முப்பது மீட்டருக்கும் மேலான உயரம் வரை துண்டு துண்டாக உரித்தெடுத்து, நியூயார்க்கிலும் பின்னர் லண்டனின் படிகமாளிகையிலும் மரத்தின் வடிவிலேயே மீண்டும் அடுக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். உரிக்கப்பட்ட மரம் சில ஆண்டுகளில் செத்தது. பட்டை 1866-ஆம் ஆண்டுத் தீவிபத்தில் எரிந்தது. காசு கொடுத்துப் பார்த்தவர்களில் பலர், இவ்வளவு பெரிய மரம் இருக்கவே முடியாது, ஒட்டுவேலை என்றார்கள். நம்பாதவர்களுக்கு நிரூபிப்பதற்காக மரம் சாகடிக்கப்பட்டது. செத்த பிறகும் அவர்கள் நம்பவில்லை.

இந்தக் கொடுமைகள் எழுப்பிய எதிர்ப்பும் சேர்ந்துதான் காப்பு முயற்சிகளுக்கு வழிவகுத்தது. 1864-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் மாரிபோசா செக்கோயா தோப்பையும் பொதுமக்களுக்காகக் காக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். செக்கோயா தேசியப் பூங்கா 1890-இல் அமைந்தது. அப்படியும், அதற்கு அடுத்த ஆண்டே மார்க் ட்வைன் மரம் என்றழைக்கப்பட்ட ஒரு பெரும் செக்கோயாவை, அருங்காட்சியகங்களுக்கு வட்டத் துண்டு வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள். ஒரு துண்டு நியூயார்க்குக்கும் ஒரு துண்டு லண்டனுக்கும் போயின. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தத் துண்டின் முன்னால் நான் நின்றிருக்கிறேன். செம்பழுப்பு நிறத்தில், ஓர் ஆளைவிட மிக உயரமான வட்டம், கி.பி. ஆறாம் நூற்றாண்டில் முளைத்த மரம் அது. நடுவில் வளையங்கள் விரல் வைத்து எண்ணலாம்போல அகலமாக இருக்கின்றன. ஓரத்துக்கு வர வர முடியிழைபோல நெருங்கிவிடுகின்றன, கண்ணால் பிரித்தெடுக்க முடிவதில்லை. பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததுமான நூற்றாண்டுகள் அந்த நெருக்கத்துக்குள் ஒரு சாண் அகலத்தில் அடங்கியிருந்தன. அதைப் பார்த்த வியப்பையும், அதைப் பார்க்கும் பொருட்டு அது கொல்லப்பட்டது என்ற வருத்தத்தையும் என்னால் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

இனி நினைவின் கணக்குக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட்டிங்கல் என்ற சிற்றூரின் தேவாலய முற்றத்தில் ஒரு யூ மரம் நிற்கிறது. 1769-இல் தாமஸ் பென்னன்ட் என்ற பயணி அதை அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 17 மீட்டர். இன்று அந்த அடிமரம் இல்லை. தனித்தனியாகப் பிளந்து நிற்கும் சில தண்டுகள் உண்டு, பழைய சுற்றளவு எதுவரை இருந்தது என்பதைத் தரையில் நட்ட சிறு முளைகள் காட்டுகின்றன. யூ மரம் முதிர முதிர உள்ளிருந்து பொள்ளலாகிவிடும். வெளிச்சுவர் புதிதாக வளர்ந்துகொண்டே போகும். எனவே எண்ண வளையம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகள் என்பவர்களும் உண்டு, ஐயாயிரம் என்பவர்களும் உண்டு. ஒரு காலத்தில் இறுதி ஊர்வலங்கள் அதன் பிளவின் வழியாகச் சென்றன. வசந்தவிழாத் தீயை அதன் பொந்துக்குள் மூட்டினார்கள். கோப்பை செய்யவும் நினைவுப்பொருளாக வைக்கவும் கட்டையை வெட்டிப்போனார்கள், அதைத் தடுக்கவே மதில் எழுப்பினார்கள். ஆண் மரம் என்றே எப்போதும் அறியப்பட்ட அதன் ஒரு கிளை 2015-இல் செந்நிறப் பழம் தந்தது. அந்தக் கிளை மட்டும் பெண்ணாக மாறியிருந்தது. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அதன் வாழ்க்கை முடிந்த கதையாகிவிடவில்லை.

எருசலேமின் கெத்செமனே தோட்டத்திலுள்ள எட்டு ஒலிவ மரங்களுக்கும் இதே பொள்ளல்தான். இயேசு அங்கே வேண்டிக்கொண்ட இரவில் அவை நின்றிருந்தன என்று பல தலைமுறைகள் நம்பி வந்தன. இத்தாலிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் மூன்றின் அடிமரத்தில் மிகப் பழைய பகுதிகள் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. வேர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். எட்டு மரங்களும் ஒரே தாய்மரத்தின் போத்துகளிலிருந்து வந்தவை என்பதையும் மரபணு ஆய்வு காட்டியது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். யாரோ சிலர், ஏதோ ஒரு மரத்தை மட்டும் தேர்ந்து, அதன் வழியே தோட்டம் தொடர வேண்டும் என்று எண்ணி நட்டிருக்கிறார்கள்.

அந்த எண்ணம் மிக நீண்ட காலம் நிலைத்து நின்ற இடம் அனுராதபுரம். புத்தகயாவில் புத்தர் ஞானம் பெற்ற அரச மரத்தின் கிளையொன்றை அசோகரின் மகள் சங்கமித்திரை இலங்கைக்குக் கொண்டு வந்ததாகவும், தேவநம்பிய தீசன் என்ற அரசன் அதை நட்டதாகவும் இலங்கையின் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நட்ட ஆண்டு கி.மு. 288 என்று பொதுவாகக் குறிக்கப்படுகிறது. அரசர்களின் காலவரிசையை வேறுவிதமாகக் கணிப்பவர்கள் சில பத்தாண்டுகள் பின்னே வைக்கிறார்கள். எப்படியாயினும் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. மனிதக் கையால் நடப்பட்டு, நட்ட காலமும் தெரிந்து, இன்றும் உயிரோடு இருக்கும் மரங்களில் இதுவே மிக மூத்தது. அரச மரத்தில் நம்பி எண்ணக்கூடிய ஆண்டு வளையங்கள் அமைவதில்லை. துளையிட்டாலும் ஒன்றும் கிடைக்காது. இதன் வயதுக்குச் சான்று, இதைப் பார்த்துக்கொண்டவர்கள் இடைவிடாமல் எழுதி வைத்ததுதான்.

நேரில் காண்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். படிகளேறிச் சென்றால், உயர்ந்த மேடையின்மேல், பொன்வேலிக்குப் பின்னால், பொன்பூசிய முட்டுக்கோல்கள் தாங்கப் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் மெல்லிய மரம் ஒன்று தெரியும். சுற்றிலும் வேறு அரச மரங்கள் அதைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கின்றன. காற்றின் வேகத்தை அவை தாங்கிக்கொள்வதால் மூத்த மரத்துக்கு அவையே அரண். 11-ஆம் நூற்றாண்டில் சோழர் படையெடுப்பை அடுத்துத் தலைநகர் பொலன்னறுவைக்குப் பெயர்ந்தது. அனுராதபுரத்தைக் காடு மூடியது. தாதுகோபங்கள் இடிந்து மேடுகளாயின. மரத்தை மட்டும் துறவிகள் விடவில்லை. காட்டு யானைகள் நெருங்காமலிருக்க 18-ஆம் நூற்றாண்டில் மதில் கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புயல்களில் கிளைகள் முறிந்தன. 1985 மே மாதத்தில் விடுதலைப் புலிகள் அந்நகரில் நடத்திய தாக்குதலில், மரத்தடியில் வழிபட வந்திருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த மரத்தின் வரலாற்றைச் சொல்லும்போது அதைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

புத்தகயாவின் தாய்மரம் பலமுறை அழிந்து மறுபடி நடப்பட்டது. அங்கிருந்த மரம் 1876-இல் புயலில் விழ, அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1881-இல் நட்டதன் தொடர்ச்சியே இன்று அங்கு நிற்பது. தாய்க்கு நேர்ந்தது பிள்ளைக்கு நேரவில்லை. 1931-இல் சாரநாத்தில் அநகாரிக தர்மபாலரின் முயற்சியால் எழுந்த விகாரைக்கு அரச மரக்கன்று தேவைப்பட்டபோது, அது அனுராதபுரத்திலிருந்துதான் வந்தது.

ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் கெர்னிகா என்னும் ஊரின் ஓக் மரத்துக்கு இந்தத் தொடர்ச்சியே வரலாறாகிவிட்டது. பிஸ்காயா நாட்டின் தலைவர்கள் மக்களின் உரிமைகளைக் காப்போம் என்று அதன் கீழ் நின்று சூளுரைத்தார்கள். முதல் மரம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது மரபு. 1742-இல் நட்ட அதன் வழித்தோன்றல் 1892 வரை நின்றது. அதன் பின்னது 1860-இல் நடப்பட்டது. 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டுவீசி அந்த ஊரைத் தரைமட்டமாக்கியபோது மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது 2004-இல்தான் பூஞ்சை நோயால் பட்டது; அதே வழியில் வந்த கன்று அந்த இடத்தில் நடப்பட்டது, அதுவும் பிழைக்காமல் போக 2015-இல் இன்னொன்று. மூத்த மரத்தின் அடிக்கட்டையைத் தூண்கள் சூழ்ந்த சிறு மண்டபத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பாஸ்க் அரசின் தலைவர் இன்றும் அந்த மரத்தடியில்தான் உறுதிமொழி எடுக்கிறார். ‘இது பழைய மரமே அல்லவே’ என்று வளையத்தை எண்ணுபவர் கேட்கக்கூடும். அந்த மக்களுக்கு அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஒரு கூட்டத்தார் மரத்தைத் தமதென்று கொண்டாடினால், பகைவர் முதலில் கை வைப்பதும் அந்த மரத்தின்மேல்தான். பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டி அதன் அடிமரத்தால் முரசு செய்துகொண்டதாக இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைச் சங்கப் புலவர் புகழ்ந்து பாடினார். பாஸ்டன் நகரில் 1765-இல் முத்திரைத்தாள் வரியை எதிர்த்தவர்கள் ஓர் எல்ம் மரத்தடியில் கூடி அதை விடுதலை மரம் என்று அழைத்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பின், 1775-இல், பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்றவர்கள் அதை வெட்டி விறகாக்கினார்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல், நடந்தது ஒன்றேதான்.

சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் நின்ற இலவ மரத்தை எந்தப் பகைவனும் தொடவில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, 1792-இல் அந்தக் கரையில் வந்திறங்கிய மக்கள் அதன் அடியில் கூடி இறைவனுக்கு நன்றி சொன்னதாக நகரம் நினைவில் வைத்திருந்தது. நாணயத்தாளிலும் அதன் படம் இடம்பெற்றது. 2023 மே மாதத்தில் ஒரு பெருமழையின்போது அது முறிந்து விழுந்தது. நாகசாகியின் சன்னோ ஆலய வாயிலில் நிற்கும் இரு கற்பூர மரங்களின் கதை இதற்கு மறுபக்கம். அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து அவை ஏறத்தாழ 800 மீட்டர் தொலைவில் இருந்தன. இலையும் கிளையும் கருகி, அடிமரம் பிளந்து, பட்டவை என்றே கைவிடப்பட்டவை பின்னர் துளிர்த்தன. இன்று அடர்ந்து நிழல் தருகின்றன.

சுவீடனில் 9,500 ஆண்டுப் பழமையான வேர்த்தொகுதியிலிருந்து முளைத்த தளிர்மரமும், யூட்டாவில் 43 ஹெக்டேர் பரப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தண்டுகளாக நிற்கும் ஒரே ஆஸ்பென் மரமும் முதுமைப் பட்டியல்களில் முதலிடம் பெறுவதுண்டு. அவை வியக்கத்தக்கவை; ஆனால் கண்ணுக்குத் தெரியும் தண்டுகள் புதியவை என்பதால் நான் பேசும் இரண்டு கணக்கிலும் அவை சேரவில்லை.

சிலியின் தென்பகுதியில் ‘கொள்ளுத்தாத்தா’ என்று அழைக்கப்படும் ஓர் அலெர்சே மரத்தின் வயதைப் பற்றி இப்போது நடக்கும் விவாதம் எனக்கு நம்பிக்கையளிக்கிறது. அதன் அடிமரத்தின் விட்டம் நான்கு மீட்டருக்கும் மேல். துளைக்கருவி மையத்தை எட்டாது. ஜோனதன் பாரிச்சிவிச் என்ற ஆய்வாளர் எட்டிய தூரம் வரை ஏறத்தாழ 2,400 வளையங்களை எண்ணி, எஞ்சிய பகுதியை மற்ற அலெர்சே மரங்களின் வளர்ச்சி வேகத்தைக் கொண்டு கணித்து, வயது 5,484 ஆக இருக்கலாம் என்று 2022-இல் அறிவித்தார். எண்ணாத வளையங்களை ஏற்க முடியாது என்று வளைய ஆய்வாளர்கள் பலர் மறுக்கிறார்கள். அறிவியல் முறைப்படி அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் மரத்தை அறுத்துப் பார்த்துவிடலாம் என்று இரு தரப்பிலும் எவரும் சொல்லவில்லை. 1964-க்கும் இப்போதைக்கும் இடையில் நிகழ்ந்த மாற்றம் இதுதான்.

ரம்பம் ஓய்ந்தாலும் ஆபத்து ஓயவில்லை. ஆப்பிரிக்காவின் மிக மூத்த 13 பாவோபாப் மரங்களில் ஒன்பதும், மிகப் பெரிய ஆறில் ஐந்தும் 2005-க்குப் பிறகு முற்றிலுமோ பகுதியளவிலோ சரிந்துவிட்டன என்று 2018-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அவற்றுள் ஒன்றான ஜிம்பாப்வேயின் பாங்கே பாவோபாப் 2,450 ஆண்டுகள் வாழ்ந்தது. நோய்க்கிருமியின் தடயம் இல்லை. வெப்பமும் வறட்சியுமே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

செக்கோயா மரங்களின் நிலை இதைவிடத் தெளிவானது, கவலைக்குரியது. அவை தீயோடு சேர்ந்து வாழப் பழகியவை. அரை மீட்டர் தடித்த பட்டை தீயைத் தாங்கும். தரையில் தவழும் நெருப்பின் சூட்டில்தான் கூம்புகள் விரிந்து விதை உதிரும். எரிந்த மண்ணில்தான் விதை வேரூன்றும். பழங்குடியினர் வழக்கமாக மூட்டிவந்த சிறு தீயும் மின்னலால் எழும் தீயும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அணைக்கப்பட்டு வந்ததால், தோப்புகளில் காய்ந்த விறகும் நெருக்கமான இளமரங்களும் சேர்ந்துவிட்டன. மேலே வெப்பமும் வறட்சியும் கூடின. 2020-இல் மூண்ட காசில் தீ மட்டும் 7,500 முதல் 10,600 வரையிலான பெரிய செக்கோயாக்களைக் கொன்றது என்று மதிப்பிட்டார்கள். உலகில் இயற்கையாக நின்ற பெரிய செக்கோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். மறு ஆண்டு தீ மீண்டும் நெருங்கியபோது, கன அளவில் உலகின் மிகப் பெரிய மரமான ஜெனரல் ஷெர்மனின் அடிப்பகுதியைத் தீயணைப்பு வீரர்கள் அலுமினியத் தகட்டால் சுற்றிப் பாதுகாத்தார்கள். அது தப்பியது, முன்னர் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டுச் சிறு தீ வைத்துச் சருகைக் குறைத்து வந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

தீ மிக உக்கிரமாக எரிந்த தோப்புகளில் விதை தர மரமே மிஞ்சவில்லை. அங்கே கன்று நடும் வேலையைப் பூங்கா நிர்வாகம் 2023-இல் தொடங்கியது. மனிதர் தலையிடாத காடு என்று சட்டம் காக்கும் நிலத்தில் கை வைப்பது முறையல்ல என்று சில அமைப்புகள் எதிர்க்கின்றன. காடு தானே மீளும் என்பது அவர்கள் வாதம். நான் நடுபவர்கள் பக்கம்தான். அந்தத் தோப்புகள் அழிந்ததில், தீயை ஒரு நூற்றாண்டு அடக்கி வைத்த நம் கைகளுக்கும் பங்கு உண்டு. அப்படியிருக்க, இப்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை இயற்கைக்குச் செய்யும் மரியாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை. நடும் கன்றுகளில் பெரும்பாலானவை முதல் சில கோடைகளிலேயே காய்ந்துவிடும் என்பது நடுபவர்களுக்குத் தெரியும்; அதனால்தான் ஆயிரக்கணக்கில் நடுகிறார்கள், ஒவ்வோர் ஆண்டும் திரும்பிச் சென்று எத்தனை உயிரோடிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள்.